சமையல் குறிப்புப் பெட்டியில் ஆறு அட்டைகள்

இந்த மஞ்சள் தாளில் கோடுகளைக் கொஞ்சம் நெருக்கமாகத்தான் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, என் கையெழுத்து சிறியது. நீ கொடுத்த பேனா கசிகிறது, கர்ட். அதை இங்கேயே எழுதிவைக்கிறேன். பின்னால் எங்காவது மை பரவியிருந்தால், அந்த இடத்தில் நான் அழுதேன் என்று யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம்.

"நடந்தத உங்க வார்த்தையிலயே எழுதிக் குடுங்க, மிஸஸ் ஹோவ்லாண்ட்" என்றாய். இடுப்பில் துப்பாக்கி, நெஞ்சில் ஷெரிஃப் அலுவலகத்துத் தகடு எல்லாம் வந்துவிட்டாலும் என்னிடம் பேசும்போது உன் குரல் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. காரணம் நம் இருவருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் நீ கொண்டுவந்த மூன்று விடுப்புக் கடிதங்களிலும் இருந்தது உன் அம்மாவின் கையொப்பம் இல்லை. உன் அம்மா எந்த எழுத்துக்கும் வால் நீட்ட மாட்டாள். நீ போட்ட வாலில் ஒரு பூனையைக் கட்டித் தொங்கவிடலாம். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. உன் கணக்கு ஆசிரியரிடம் மட்டும் சொன்னேன், அதுவும் பேச்சோடு பேச்சாக.

இருபத்தொன்பது வருடம் பள்ளி அலுவலகத்தின் முன்மேசையில் உட்கார்ந்தவள் நான். இந்த ஊரில் நாற்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கிற எவர் கையெழுத்தையும் பெயர் இல்லாமலே சொல்லிவிடுவேன். வெளியூரிலிருந்து வந்தவர்களானால் ஒரே ஒரு மாதிரி பார்த்தால் போதும். இது கர்வம் இல்லை. சிலருக்குப் பாட வரும், சிலருக்கு ரொட்டி நன்றாக உப்பும், எனக்கு இது வரும்.

டிசம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெல்லோஸ் ஏரியில் நடந்ததைத்தானே கேட்கிறாய். ஏரியிலிருந்து ஆரம்பித்தால் உனக்குப் புரியாது. குட்டிப் பூதங்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நூலகத்தின் பின்னறையில் ஞாயிறு இரண்டு மணிக்கு ஒரு விளையாட்டு நடக்கும். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, 'நான் கதவை உடைக்கிறேன்' என்று வாயால் சொல்லி, உடைந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். வளர்ந்தவர்கள். சொந்தமாகப் பல் விளக்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள். ஓய்வுபெற்ற முதல் வருடம், அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இவ்வளவு கத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். ஐந்து பேர் மூன்று மணி நேரம் தங்களை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தங்களை மறந்து பேசுகிறவர்களை விட்டு எழுந்து வர என்னால் முடிந்ததில்லை. ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்த வேடம், பிறர் காயத்தை ஆற்றும் துறவி. நன்றாகச் செய்தேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கதை சொல்லுகிறவன் வெண்டல். பால் பண்ணைச் சங்கத்தில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். அவன் உலகத்தில் சத்திரம் என்று ஒன்று வந்தால், அங்கே பரிமாறும் பெண்ணுக்கு மேல்சட்டை பாதிதான் இருக்கும். சந்தை என்று வந்தால் அதில் ஆட்களை விற்பார்கள். இதையெல்லாம் அவன் பாலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று வாசிக்கிற குரலில் சொல்லுவான், அதனால் ஆபாசமாகக்கூட இருக்காது.

"என் ஆளுக்கே குளிருது வெண்டல், அந்தப் பொண்ணுக்கு ஒரு கம்பளியாவது எழுதிக் குடுங்க" என்பாள் கோரின். கோரின் மேயர். மளிகைக் கடையில் பாலாடைக்கட்டி வெட்டிக் கொடுக்கிறவள். மேயர் என்ற குடும்பப் பெயர், ஓடிப்போன கணவன் அவளுக்கு விட்டுப்போன ஒரே சொத்து. நான்கு வருடத்துக்கு முன் வடக்கிலிருந்து ஒரு பழைய வண்டியில் டேரல் க்விஸ்டோடு வந்து இறங்கினாள். இருவருக்கும் ஒரே வயது, முப்பத்தைந்து. பிறந்தநாள் ஒரே மாதத்தில் வருவதால் ஒரே கேக்கை வெட்டிக்கொள்வார்கள். நூலகத்தின் வருகைப் பதிவேட்டில்கூட இரண்டு பேருக்கும் சேர்த்து டேரல்தான் பெயர் எழுதுவான். இடது பக்கம் சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் கொஞ்சம் கீழே விழும். நம்பிக்கை இல்லாதவன் எழுத்து என்று நான் அப்போதே நினைத்தேன்.

டேரல் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். அது கிடைத்தால் மருத்துவக் காப்பீடு வரும், வசந்தத்தில் கல்யாணம். கோரின் இதைப் பாலாடைக்கட்டி வாங்க வந்த ஊர் முழுவதுக்கும் சொல்லியிருந்தாள். ஏரிக்கரை ஓரமாகப் போகிற ஆறாம் எண் பேருந்து. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

மீதி இரண்டு பேர், லாரி ஓட்டுகிற பக் ஷூல்ட்ஸும் நூலகத்தில் வேலை பார்க்கிற பிரின் என்ற பெண்ணும். பிரினுக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து இருக்கும், அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு இருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, குகைக்குள் இருந்த பூதங்களை எல்லாம் கொன்று முடித்தோம். பின்னால் ஒரு சின்ன அறை. அதில் வைக்கோல் மேல் பதினோரு பூதக் குட்டிகள் படுத்திருந்தன. வெண்டல் காபியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்ன செய்யப் போறீங்க?" என்றான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் பக். "பூதம்னா பூதம்தான். இன்னைக்குக் குட்டி, நாளைக்கு நம்ம கழுத்தக் கடிக்கும். முடிச்சிட்டுப் போவோம், எனக்கு அஞ்சு மணிக்கு ஃபுட்பால் இருக்கு."

பிரின் பகடையைக் கீழே வைத்தாள். "பொறந்ததுலேர்ந்தே கெட்ட சாதின்னு ஒரு கூட்டத்தையே எழுதி வச்சிருக்கீங்க. இதே வார்த்தைய நெஜ மனுஷங்களப் பத்தி எத்தன பேரு சொல்லியிருக்காங்க தெரியுமா?"

"அம்மா தாயே, இது மேசையில வைக்கிற களிமண் பொம்ம" என்றான் வெண்டல். "போன வாரம் என் சமையலறையில வச்சு நாந்தான் பச்சை வர்ணம் அடிச்சேன். இதுக்கு ஓட்டுரிமை கிடையாது."

"குட்டிய அறுக்கிறத ஞாயித்துக்கிழம பொழுதுபோக்கா வச்சிருக்கோம், அது உங்களுக்கு ஒண்ணுமில்லயா?"

"அறுக்கச் சொன்னது நான் இல்ல, பக்."

"நான் அறுக்கலாம்னு சொன்னேன், அறுக்கணும்னு சொல்லல" என்றான் பக்.

இந்த விவாதம் மூன்று ஞாயிறுகள் ஓடியது. தேவாலயத்துக்குப் புதுக் கம்பளம் வாங்குவது பற்றிக்கூட நம் ஊரில் இவ்வளவு ஆழமாகப் பேசியதில்லை. தீமை பிறப்பிலா வளர்ப்பிலா, சத்திரத்துப் பெண்ணின் சட்டை கலையா கொச்சையா, ஆள் விற்கும் சந்தையைக் கதையில் காட்டினால் அதை ஆதரிப்பதாகுமா என்று கேட்டுக் கேட்டு மேசையைத் தட்டினார்கள். நம் ஊர் வழக்கப்படி கோபம் வந்தவர்கள் எல்லாம் "அது ஒரு மாதிரியான கருத்து" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் காபி ஊற்றினார்கள். அதைவிடக் கடுமையாக இங்கே யாரும் திட்டுவதில்லை என்பது உனக்கே தெரியும்.

முடித்துவைத்தவன் டேரல். அதுவரை வாயே திறக்காதவன், "குட்டிகள நான் எடுத்துக்கிறேன்" என்றான். "என் மூட்டையில எடம் இருக்கு."

"பதினொண்ணா?" என்றான் வெண்டல்.

"ரெண்டு ரெண்டாப் படுக்க வைப்பேன்."

"பால் யாரு குடுப்பா?"

"பாலப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? வழியில எங்கயாவது ஒரு பண்ண வைங்க."

வெண்டலே சிரித்துவிட்டான். அன்றிலிருந்து டேரலின் வீரன் போகிற சண்டைக்கெல்லாம் முதுகில் பதினோரு பூதக் குட்டிகளோடு போனான். எல்லோரும் இதை அழகு என்றார்கள். நான் மட்டும்தான் யோசித்தேன். குழந்தைகளிடம் இவ்வளவு பரிவு காட்டுகிற ஆண்பிள்ளைக்கு ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பிரின் அந்த அட்டையைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை, நடுவில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. மேசை நடுவில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "யாருக்காவது கதை தாங்க முடியாமப் போச்சுன்னா இதத் தொட்டாப் போதும். அந்த எடத்த விட்டுட்டு அடுத்த எடத்துக்குப் போயிடுவோம். ஒரு வார்த்த பேச வேண்டாம். ஏன்னு யாரும் கேக்கவும் கூடாது."

ஏன் என்று கேட்கக் கூடாது. 'ஏன் தாமதம், ஏன் வரவில்லை, ஏன் காய்ச்சல்' என்று கேட்டே இருபத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கிய ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் இதைச் சொன்னாள்.

வெண்டல் முனகினான். "எல்லாரும் புல்வெளியில உக்காந்து காபி குடிச்சிட்டு வீட்டுக்குப் போவோம். பகடை எதுக்கு?" என்றான். ஆனால் நான் பிரின் பக்கம் நின்றேன். பிறர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது நாகரிகத்தின் முதல் படி என்று ஒரு சின்ன உரைகூட ஆற்றினேன். நான்கு பேர் கைதட்டினார்கள். வெண்டல் ஒத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் சத்திரத்துப் பெண்ணுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டான், சந்தையில் முட்டைக்கோஸ் விற்றான். கதை உப்புச் சப்பில்லாமல் ஆகிவிட்டது, ஆனால் ஒரு தடவைகூட அவன் எல்லை தாண்டவில்லை.

இன்னொன்றும் முடிவானது. ஆளுக்கொரு அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய், கதையில் எது வரவே கூடாதோ அதை எழுதி, பெயர் போடாமல் கொண்டுவர வேண்டும். ஒருவர் வாங்கிப் படித்து, பொதுவாக ஒரு பட்டியல் எழுதிவிட்டு, அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். யார் அந்த ஒருவர் என்பதில் விவாதமே இல்லை.

"மார்லிஸ்தான்" என்றாள் பிரின். "பள்ளிக்கூடத்து ரகசியத்தையெல்லாம் முப்பது வருஷம் காப்பாத்தினவங்க."

அடுத்த ஞாயிறு காபி டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அன்று கோரின் வலது கைக் கட்டைவிரலில் பெரிய கட்டோடு வந்திருந்தாள். வியாழக்கிழமை பாலாடைக்கட்டி வெட்டும் இயந்திரம் இழுத்துவிட்டது, நான்கு தையல். அவிழ்த்துக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. "இடது கையால உருட்டுறேன், அதான் இன்னைக்கு எல்லாம் பதினெட்டாவே விழுது" என்று சிரித்தாள். மறுநாள் நானே அவள் வீட்டுக்கு ஒரு பெரிய தட்டு ஹாட்டிஷ் சுட்டு எடுத்துப்போனேன், அடியில் இறைச்சி, மேலே உருளைக்கிழங்கு அடுக்கி. என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதப்போகிறவர்கள் அந்த உருளைக்கிழங்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டைகளைச் சமையலறை மேசையில் பரப்பினேன். ஆறு. கிழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவை என் சமையல் குறிப்பு அட்டைகளின் அதே அளவு. பெட்டிக்குள் அளவெடுத்தாற்போல் பொருந்தின. பொருந்துகிற ஒன்றைக் கிழிக்க எனக்கு மனம் வருவதில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன, எலுமிச்சைக் கேக் துண்டுகளுக்கும் ஆப்பிள் பைக்கும் நடுவில்.

ஒன்று என்னுடையது: 'புறம் பேசும் பாத்திரங்கள் வேண்டாம்.' ஒன்று அச்செழுத்து மாதிரி, 'எனக்கு எதுவும் பரவாயில்லை, என்னைக் கேட்டா எல்லாம் நடக்கிறது' என்று. அது வெண்டல் என்று தெரிய நிபுணர் தேவையில்லை. ஒன்றில் 'சிலந்தி', அடியில் இரண்டு கோடு. பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிற பக். ஒன்று இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது, அது பிரின். கடைசி வரியில் 'பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பும் பெற்றோர்' என்று இருந்ததைப் பார்த்ததும், அவள் கிறிஸ்துமஸுக்கு ஏன் ஊருக்குப் போவதில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒன்று வெற்று அட்டை. ஒரு புள்ளிகூட இல்லை. அது கோரினுடையது என்று எடுத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கு உள்ளே எழுதும்படி ஒன்றும் இருப்பதில்லை.

ஆறாவது, இடது பக்கம் சாய்ந்த எழுத்து. ஒரே வரி, முடிகிற இடத்தில் கீழே விழுந்திருந்தது. 'பனி உடைந்து ஏரிக்குள் குழந்தை விழுவது வரக் கூடாது.'

சிலந்தி விஷயத்தை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். பக்கின் லாரிக் கண்ணாடியில் ரப்பர் சிலந்தி ஒட்டியது நான் இல்லை. பிரின் விஷயத்தைப் போதகரின் மனைவியிடம் சொன்னேன், ஜெபத்தில் நினைத்துக்கொள்வதற்காக. ஜெபத்துக்கு விவரம் வேண்டும். விவரமில்லாமல் எதை நினைத்து ஜெபிப்பது?

ஆறாவது அட்டை அப்படி விட்டுவிடக்கூடியது இல்லை. ஏரிக்கரைப் பேருந்து, நாற்பது பிள்ளைகள். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களை ஒரு வாரம் புரட்டினேன். இருபத்து நான்கு வருடத்துக்கு முன், வடக்கே ஒரு ஏரியில், ராய் எக்லண்ட் என்ற ஏழு வயதுச் சிறுவன். நவம்பர்ப் பனி தாங்கவில்லை. கூட விளையாடிய பதினொரு வயது உடன்பிறப்பு வீட்டுக்கு ஓடி உதவி கேட்டும் நேரம் கடந்துவிட்டது. சிறு வயது என்பதால் அந்த உடன்பிறப்பின் பெயரைப் போடவில்லை. பனிமேல் கிடந்த பச்சைத் தொப்பியை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்களாம். பதினொன்றும் இருபத்து நான்கும் முப்பத்தைந்து. டேரலின் வயது. பெயர் எக்லண்ட் இல்லையே என்று நீ கேட்பாய். ஒருவர் பெயர் மாறுகிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கும். மறைக்க ஒன்றும் இல்லாதவர் எதற்காகப் பெயரை மாற்றப்போகிறார்?

தம்பியைப் பனியில் விட்டுவிட்டு ஓடியவன். அவனிடம் நாற்பது பிள்ளைகளைக் கொடுப்பதா?

நான் அவனைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு காபி வேளையில், "வடக்க ஒரு குழந்த விஷயம், எனக்கு முழுசாத் தெரியாது, தெரியாததப் பேசக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். இரண்டு வாரத்தில் ஊரார் டேரலிடம் முன்னைவிட மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். கடையில் கோரினைச் சுற்றிப் போய் வேறு வரிசையில் நின்றார்கள், நின்று அங்கிருந்தே கையசைத்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் எதுவும் கேட்கவில்லை. நம் ஊர் நல்ல ஊர். பள்ளியிலிருந்து, விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று கடிதம் வந்தது.

டேரல் என்னிடம் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "உங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியுமே மார்லிஸ். என்ன கொறன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா? கோரின் கல்யாணத் தேதிய நாட்காட்டியில வட்டம் போட்டு வச்சிருக்கா" என்றான்.

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். விசாரித்தேன். இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது.

எனக்கு ஒரே ஒரு உறுத்தல்தான். ஆதாரம் போதாது. கையெழுத்தும் கூட்டல் கணக்கும் போதுமா என்று பள்ளியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. டிசம்பர் முதல் வாரம் வெண்டலுக்கு மார்புச் சளி வந்து படுத்தான். அந்த ஞாயிறு கதையை நான் சொல்கிறேன் என்றேன். "அடடே மார்லிஸ், இப்பத்தான் ஒரு நல்ல சத்திரம் வரப்போகுது" என்று பக் உற்சாகமானான்.

மேசையில் காபிக் குவளைகள், பகடைகள், நான் சுட்ட எலுமிச்சைக் கேக் துண்டுகள் ஒரு தட்டு. அட்டை இல்லை. யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மாதமாக ஒருவரும் தொடாத பொருளை யார் தேடப்போகிறார்கள்?

"வெள்ள வெளி. மரம் இல்ல, வேலி இல்ல. காலுக்குக் கீழ ஒறஞ்ச ஏரி" என்று ஆரம்பித்தேன்.

"மீன் இருக்கா?" என்றான் பக்.

"இருக்கு."

"அப்ப நான் இங்கயே ஒரு ஓட்ட போட்டு உக்காந்துக்கிறேன். சண்ட வந்தா எழுப்புங்க."

சிரித்தார்கள். கோரின் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் டேரலின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பது அடி தள்ளி ஒரு சின்னப் பையன் நிக்கிறான். ஏழு வயசிருக்கும். தலையில பச்சைத் தொப்பி. அவன் கால்கிட்டேர்ந்து ஒரு விரிசல் சத்தம் வருது."

டேரலின் கைகள் அசையவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. அந்த நேரத்தில் மேசையில் வேறு ஒரு சத்தம் கேட்டது. உள்ளங்கையால் மரத்தைத் தட்டும் சத்தம். கோரின். அட்டை வழக்கமாக இருக்கிற இடத்தில், குவளைகளுக்கு நடுவே, அவள் கை வெறும் பலகையைத் தட்டியது. ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் நிறுத்தாமல். ஈ அடிக்கிறாள் என்று நினைத்தேன். டிசம்பரில் மினசோட்டாவில் ஈ கிடையாது, அது இப்போதுதான் தோன்றுகிறது.

"அட்ட எங்க? இங்கதான இருந்துச்சு?" என்று பிரின் மேசைக்கு அடியில் குனிந்தாள்.

"மார்லிஸ், நிறுத்துங்க" என்றான் டேரல்.

"விதி தெரியும்ல டேரல். அட்டையத் தொட்டா நிறுத்துறேன். பகடைய உருட்டு."

அவன் உருட்டவில்லை. அவனுக்காக நானே உருட்டினேன். மூன்று விழுந்தது. விதிப்படி மூன்று என்பது போதாது.

"பனி ஒடஞ்சிருச்சு. தொப்பி மட்டும் மேல கெடக்கு" என்றேன்.

கோரினின் கை நின்றது. "தொப்பி பச்சைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். என்னிடம்தான் கேட்டாள், ஆனால் பார்த்தது டேரலை.

"நான் சொல்லல கோரின். சத்தியமா நான் யாருகிட்டயும் சொல்லல."

குற்றவாளிகள் பேசுகிற மாதிரியே இருந்தது. கோரின் எழுந்தாள். மேலங்கி நாற்காலியிலேயே தொங்கியது. கழிப்பறைக்குப் போகிறாள் என்று நினைத்தோம். டேரல் பின்னாலேயே போகப் பார்த்தான். நான்தான், பெண்பிள்ளைக்கு ஒரு நிமிடம் கொடு என்று உட்காரவைத்தேன். பிறகு எலுமிச்சைத் துண்டுகளைப் பரிமாறினேன். நான்கு நிமிடம் இருக்கும். அதற்கு மேல் அவன் உட்காரவில்லை. கழிப்பறையைப் பார்த்தான், முன்பக்கம் ஓடி வண்டியைப் பார்த்தான், அதற்குப் பிறகுதான் பின்கதவுக்குப் போனான். பின்கதவைத் திறந்தால் ஏரி.

மற்றது உன் அறிக்கையிலேயே இருக்கிறது. ஒரு வாரமாகத்தான் ஏரி உறைந்திருந்தது. பனி நான்கு அங்குலக் கனத்துக்கு இறுகாமல் நம் ஊரில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அவள் ஐம்பது அடி போயிருந்தாள். டேரல் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய்த் தண்ணீருக்குள் கையைவிட்டுப் பிடித்திருக்கிறான். நீங்கள் கயிறோடு வர இருபது நிமிடம் ஆனது. அப்போது அவன் கையில் அவளுடைய ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும் இருந்தது. அதையும் விடாமல் பிடித்திருந்ததால் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நலம் விசாரிக்க ஒரு ஹாட்டிஷ் எடுத்துப்போனேன். மருத்துவமனையில் வாங்க மறுத்துவிட்டார்கள்.

நேற்று நீ எனக்கு எதிரே உட்கார்ந்து, கோரின் பிறந்த வீட்டுப் பெயர் எக்லண்ட் என்றாய். கட்டைவிரலில் தையல் இருந்ததால் அவள் சொல்லச் சொல்ல டேரல் எழுதிக் கொடுத்த அட்டை அது என்றாய். அவனுடைய அட்டை அந்த வெற்று அட்டைதானாம். தனக்கு எதுவும் வேண்டாம், அவளுடையது இருந்தால் போதும் என்று அப்படியே போட்டுவிட்டானாம். இதைச் சொல்லிவிட்டு, ஏதோ மாறிவிட்டது போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சரி. பிரின் தேடிய அட்டை என் கைப்பையில் இருந்தது. எலுமிச்சைத் தட்டுக்கு இடம் வேண்டும் என்று எடுத்தேன் என உன்னிடம் முதலில் சொன்னது பொய். அவர்கள் வருவதற்கு முன்பே நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன், யாரும் நடுவில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக. கோரின் தட்டியபோது அது என் மடியில்தான் இருந்தது. என் கை அதன் மேல்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் டேரலின் முகத்தில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இதைக் கொலை என்று எழுதுவதா, வேறு ஏதாவது என்று எழுதுவதா என்பது உன் வேலை. கீழே கையொப்பம் போட்டிருக்கிறேன், என்னுடையதுதான், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

சமையல் குறிப்புப் பெட்டியையும் எடுத்துப்போங்கள். ஆறாவது அட்டையைத் தலைநகரில் இருக்கிற நிபுணர்களிடம் அனுப்பி, நூலகப் பதிவேட்டோடு வைத்துப் பார்க்கச் சொல். அந்தக் கையால் இனி அவன் அப்படி எழுதப்போவதில்லை என்கிறார்கள், அதனால் பத்திரமாகக் கையாளச் சொல். எத்தனை பேர் பார்த்தாலும் ஒன்றைத்தான் சொல்லுவார்கள். கையெழுத்து டேரலுடையது. அதில் நான் தவறவில்லை.